பெங்களூர்ல படிச்சிட்டு சென்னைல நர்ஸ் வேலை தேடினவங்க, உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஊரு கிருஷ்ணகிரி பக்கம், பிஎஸ்சி நர்சிங் 4 வருஷம் பெங்களூர்ல, முடிச்ச கையோட கர்நாடகா நர்சிங் கவுன்சில்ல ரிஜிஸ்டரும் பண்ணியாச்சு. அண்ணன் பெரம்பூர்ல இருக்கான், அப்பாவுக்கும் இங்கதான் வைத்தியம், சரி சென்னைக்கே போயிடலாம்னு பெட்டிய கட்டிட்டேன். முதல் வாக்-இன் இன்டர்வியூலயே ஹெச்ஆர் மேடம் என் சர்டிபிகேட்ட முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்துட்டு "தமிழ்நாடு ரிஜிஸ்ட்ரேஷன் எங்கம்மா?"ன்னாங்க. முழிச்சேன்.

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எங்க எடுத்தாலும் இந்தியா பூரா செல்லும்னுதான் நெனச்சேன். நர்சிங்ல அப்படி இல்லயாம், தமிழ்நாட்டுக்கு 1926லயே தனிச் சட்டம் போட்டுருக்காங்க, இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமே 1947லதான் வந்துச்சு. ஸோ கர்நாடகால என்ஓசி (ஆட்சேபனை இல்லன்னு சான்று) வாங்கி, இங்க சாந்தோம் ஹைரோட்ல இருக்கற தமிழ்நாடு கவுன்சில்ல மறுபடி பதியணும். நர்ஸுங்களுக்கு தேசிய அளவுல குடுக்கற என்யுஐடி நம்பர் இருக்கேன்னு கேட்டுப் பாத்தேன், அது வேற இது வேறன்னுட்டாங்க. பெங்களூர்ல இருக்கும்போதே என்ஓசிக்கு போட்டிருந்தா ரெண்டு தடவ ராத்திரி பஸ் புடிச்சிருக்க வேண்டாம்.

அதுலயும் என் இனிஷியல் ஒரு கூத்து. பத்தாவது மார்க் ஷீட்ல பேருக்கு முன்னாடி ஒத்த எழுத்து, காலேஜ்ல அத விரிச்சு அப்பா பேர பின்னாடி போட்டுட்டாங்க, ஆதார்ல மூணாவதா ஒரு விதம். மூணும் ஒரே ஆளுதான்னு அஃபிடவிட் போட்டு நோட்டரி கையெழுத்து வாங்கினேன். தப்பு என்னோடதுதான், காலேஜ் சேர்றப்பவே பாத்திருக்கணும்.

பேப்பர் எல்லாம் கைக்கு வந்தப்புறம் போன இன்டர்வியூல ரிட்டன் டெஸ்ட் வெச்சாங்க, 500 எம்எல் டிரிப்ஸ் 4 மணி நேரத்துல போகணும், டிரிப் செட்ல 1 எம்எல்லுக்கு 15 டிராப், நிமிஷத்துக்கு எத்தனைன்னு. 31ன்னு போட்டேன். அப்புறம் நர்சிங் சூப்பிரண்ட் டப்பால இருந்த கேனுலாவ (டிரிப்ஸ் ஏத்த நரம்புல போடற குழாய்) காட்டி கலர சொல்லி நம்பர் கேட்டாங்க, பிங்க் 20, பச்சை 18, நீலம் 22ன்னு கடகடன்னு சொல்லிட்டேன். "ஃப்ரெஷரா, எக்ஸ்பீரியன்ஸ் இல்லயா?"ன்னு கேட்டாங்க பாருங்க, அங்கதான் வாயடச்சுப் போச்சு. வேலை குடுத்தாதானே மேடம் எக்ஸ்பீரியன்ஸ் வரும்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். ஆனா எடுத்துட்டாங்க, ஆம்பளைங்க மெடிக்கல் வார்டு, முதல் மாசமே நைட்டு.

ரிப்ளை: சிஸ்டர், நான் ஆந்திரால ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) படிச்ச ஆம்பள நர்ஸ். நீங்க சொன்ன எல்லாம் எனக்கும் நடந்துச்சு. கூடவே ஒண்ணு, நான் சேர்ந்த முதல் ஆஸ்பத்திரில (பேர் வேணாம்) ஒரிஜினல் எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் கவுன்சில் வெரிஃபிகேஷனுக்கு ஒரிஜினல் வேணும்னு போய் நின்னா, ரெண்டு வருஷம் முடியட்டும் பாக்கலாம்ங்கறாங்க. கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்கு மட்டும் வாங்கிட்டு ஓடினேன். ஒரிஜினல காட்டுங்க, குடுத்துட்டு வராதீங்க. குடுத்தே ஆகணும்னா கையெழுத்து போட்ட ரசீது வாங்குங்க.

ரிப்ளை: அக்கா, எம்ஆர்பி (கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கற போர்டு) பரீட்சை எழுதறதுக்கும் தமிழ்நாடு ரிஜிஸ்ட்ரேஷன் வேணுமா? நான் கோலார்ல ஃபைனல் இயர்.

நான்: வேணும்மா. நோட்டிபிகேஷன் வந்தப்புறம் ஓடினா லேட்டாயிடும், ரிசல்ட் வந்த உடனே என்ஓசிக்கு போட்டுடு. அப்புறம் இன்னொண்ணு, நமக்கு தமிழ் தெரியும்னு ரொம்ப நம்பாத. என் ரெண்டாவது நைட்டுல வியாசர்பாடி பெரியவர் ஒருத்தர் "ஒரே பேஜாரா கீதும்மா, வாயு புடிச்சிக்கிச்சு"ன்னு நெஞ்ச தடவிக்கிட்டே இருந்தாரு. பெங்களூர்ல கன்னடத்துலயே பேஷண்ட்கிட்ட கேட்டு பழகின எனக்கு இது வெறும் கேஸ் டிரபிளா, வேற ஏதாவதான்னு புரியல. இன்சார்ஜ் அக்கா பேச்சே குடுக்கல, நேரா ஈசிஜி மெஷின தள்ளிட்டு வந்துட்டாங்க. ரிப்போர்ட்ட பாத்த டூட்டி டாக்டர் அவர அப்பவே சிசியூவுக்கு (இதய தீவிர சிகிச்சைப் பிரிவு) மாத்திட்டாரு. இப்பல்லாம் யாராவது வாயுன்னு சொன்னா எனக்கும் கை மெஷினுக்குதான் போகுது.