முதியோர் இல்லத்தில் பஜனை மட்டும் போதுமா?

செம்பூர்வாசி: அப்பாவுக்கு 81. மும்பை மாதுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். மறதி நோய் வந்தபின் இங்கே ஓர் இல்லத்தில் இருக்கிறார். காலையிலும் பஜனை, மாலையிலும் பஜனை. அவரோ சாமி கும்பிடாதவர்! வேறு என்ன செய்யச் சொல்லலாம்?

முலுண்ட் மாமி: பெயர், தேதி மறந்தாலும் கை பழகிய வேலை லேசில் மறக்காது. என் மாமியாருக்கு உதிரி மல்லிகையும் நூலும் கொடுப்போம். என்னை யார் என்று தெரியாது. ஆனால் கட்டிய சரத்திலிருந்து ஒரு பூ நழுவாது. அப்பாவுக்குப் பெரிய நட்டு, போல்ட்டாக ஒரு டப்பா கொடுத்துப் பாருங்கள். எதையும் வாயில் போடுகிறவர் என்றால் வேண்டாம்.

நர்ஸ் அக்கா: காலை டிபனுக்குப் பிறகு 20 நிமிடம் போதும். சாயங்காலம் பலருக்குப் படபடப்பு கூடும், அப்போது புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். அப்புறம், “ஞாபகம் இருக்கா?” என்று பரீட்சை வைக்காதீர்கள்.

செம்பூர்வாசி: ஞாயிறன்று டப்பாவைக் கொண்டுபோனேன். அளவுவாரியாகப் பிரித்து அடுக்கினார். ஒன்றை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுல மரை தேஞ்சு போச்சு, ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பு” என்றார். உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது.