ஹாம் ரேடியோவுக்கு வால்வு லீனியர் (சிக்னலின் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) கட்டியவர்களே, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

இரண்டு 813 வால்வு போட்டு நாற்பது மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) ஒரு லீனியர் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பவர் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ரிக்கிலிருந்து (ரேடியோ செட்டிலிருந்து) 100 வாட் கொடுத்தால் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டரில்) 550 வாட் பக்கம் வருகிறது. ஆன்டெனாவுக்குப் போகும்போது உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு டிரைவை (உள்ளே கொடுக்கும் பவரை) குறைத்துவிடுவேன். 400 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 100 வாட்டைவிட 6 டெசிபல்தான் கூடுதல். எஸ் மீட்டரில் (சிக்னல் பலம் காட்டும் மீட்டரில்) சரியாக ஒரு புள்ளி. இதற்கா இத்தனை இரும்பு என்று வீட்டில் கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஆனால் கோடை மழை நாட்களில் இடி இரைச்சல் பேண்டை மூடிக் கிடக்கும்போது, அந்த ஒரு புள்ளி இருந்தால்தான் கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) முழுசாகப் போய்ச் சேருகிறது.

813 இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு ஆர்சிஏ கொண்டுவந்த வால்வு. பிரிட்டிஷ் ராணுவப் பட்டியலில் இதன் எண் சிவி26. இந்த எண் போட்ட அட்டைப்பெட்டியைப் பழைய சாமான் கடையில் பார்த்தால் விட்டுவிடாதீர்கள்; அது 813தான் என்று கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பு உண்டு. தோரியம் கலந்த டங்ஸ்டன் ஃபிலமென்ட், 10 வோல்ட், 5 ஆம்பியர். இரண்டு வால்வுக்கு 100 வாட் வெறும் ஃபிலமென்டுக்கே போகிறது. சின்ன ரேடியோ வால்வுபோல மங்கலாகச் சிவப்பதில்லை, அறைக்கே வெளிச்சம் போடும்.

வால்வு ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. வால்வுக்குள் இருக்கும் மின்முனைகளில் கிரிட், ஸ்கிரீன், பீம் பிளேட் மூன்றையும் எர்த் செய்து ஃபிலமென்டில் டிரைவ் கொடுத்தேன், ஓடிவிட்டது. நேரமும் பணமும் போனதெல்லாம் ஹெச்டி (உயர் வோல்ட்டேஜ்) சப்ளையில்.

டிரான்ஸ்ஃபார்மரில் 1800 வோல்ட் செகண்டரி (வெளியீட்டுச் சுற்று) வேண்டும். எங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1800 என்றதும் பலர் நான் எழுதிக்கொண்டுபோன தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் ஒரு பெரியவர்தான் வாங்கிப் பார்த்தார். “எதுக்கு சார் இவ்ளோ வோல்ட்டு, கொசு அடிக்கவா?” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு பென்சிலை எடுத்தார். செகண்டரியை ஒரே மூச்சில் சுற்றினால் மேல் லேயருக்கும் கீழ் லேயருக்கும் நடுவே பொறி தாவும் என்று, 450 வோல்ட் வீதம் நான்காகப் பிரித்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் இடையில் லெதராய்டு என்ற இன்சுலேஷன் பேப்பர், கம்பி ஓரம்வரை போகாமல் இரண்டு பக்கமும் இடம் விட்டார். வார்னிஷில் முக்கி, சுட வைத்து, மறுபடி முக்கினார். “இதுக்கு 500 வோல்ட்டு மெகர் பத்தாது” என்று சொல்லி, தனக்குத் தெரிந்தவர் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியிலிருந்து 2500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வாங்கிவந்து சோதித்த பிறகுதான் கையில் கொடுத்தார். கூலியைக் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்கிறோமே என்றுதான் தோன்றியது.

1800 வோல்ட் ஏசியை டயோடு பிரிட்ஜில் விட்டால் லோடு இல்லாதபோது 2545 வோல்ட் டிசி. எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் ஒன்று 450 வோல்ட்தான் தாங்கும் என்பதால் 240 மைக்ரோஃபாரட் எட்டை வரிசையாகப் போட்டேன். மொத்தம் 30 மைக்ரோஃபாரட் ஆகிறது. 2500 வோல்ட்டில் அதில் சேர்ந்திருப்பது சுமார் 94 ஜூல். சார்ஜ் வடிய, ஒவ்வொரு கண்டென்சருக்கும் குறுக்கே 100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர். ஸ்விட்சை அணைத்தால் இரண்டு நிமிடத்தில் 20 வோல்ட்டுக்குக் கீழே வடிந்துவிடுகிறது.

மற்றது, அதாவது வால்வையும் ஆன்டெனாவையும் இணைக்கும் டியூனிங் சுற்று, சுருக்கமாக. பிளேட் லோடு 2500 ஓம் என்று வைத்து, கியூ (சுற்றின் தரக் காரணி) 12க்குக் கணக்குப் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் பிளேட் பக்கம் 110 பிகோஃபாரட், காயில் 5 மைக்ரோஹென்றி, ஆன்டெனா பக்கம் 620 பிகோஃபாரட். பிளேட் பக்க வேரியபிள் கண்டென்சருக்குத் தகடுகளிடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். ஆன்டெனா பக்கம் 50 ஓமில் 550 வாட் என்றால் 240 வோல்ட் பீக்குக்குள்தான், அதனால் பழைய வால்வு ரேடியோ கேங் கண்டென்சரே போதும். 73 (வாழ்த்துகள்).

தூத்துக்குடியிலிருந்து:

ஓஎம் (நண்பரே), நல்ல வேலை. ஆனால் அந்த ‘இரண்டு நிமிடம்’ எட்டு ரெசிஸ்டரும் உயிரோடு இருந்தால்தான். ஒன்று ஓபன் ஆகிவிட்டது என்று வையுங்கள். மற்ற ஏழு கண்டென்சரும் தன் தன் ரெசிஸ்டர் வழியாக வடிந்துவிடும். அந்த ஒன்று மட்டும் 300 வோல்ட்டுக்குக் குறையாமல் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும். பேனல் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று அந்த நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். 500 கிலோஹெர்ட்ஸ் மோர்ஸ் காலம். 1999 பிப்ரவரியில் ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற கப்பல் அபாய அழைப்புக்கான புது முறை முழுசாக வந்ததும் எங்கள் வேலையும் கரைக்கு வந்துவிட்டது. வால்வு டிரான்ஸ்மிட்டர்களின் கதவில் இன்டர்லாக் சுவிட்ச் இருக்கும். கதவைத் திறந்தால் ஹெச்டி போய்விடும். ஒரு கப்பலில் நான் சைன் ஆன் செய்து ஏறிய அன்று பார்த்தால், அந்தச் சுவிட்சை அமுக்கியபடியே நிற்க மடித்த தீப்பெட்டி அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் டியூனிங் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே ஹெச்டி இருக்கிறது. அட்டையை எடுத்துத் தூரப் போட்டுவிட்டுத்தான் பெட்டியைப் பிரித்தேன்.

கதவுக்குப் பக்கத்தில் எர்த்திங் ராடு ஒன்று எப்போதும் தொங்கும். முழ நீள ஃபைபர் கம்பு, நுனியில் பித்தளைக் கொக்கி, அதிலிருந்து சேசிஸுக்குத் தடித்த பின்னல் செப்புக் கம்பி. தொட்டுவிட்டு எடுத்துவிடக் கூடாது. கை உள்ளே இருக்கும்வரை கொக்கி ஹெச்டி லைனிலேயே தொங்கட்டும். காலியான கண்டென்சர் கொஞ்ச நேரம் விட்டால் தானாகவே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். எண்ணெய்க் கண்டென்சர்கள் இதில் பெரிய கில்லாடி. உங்கள் எட்டு எலக்ட்ரோலிடிக்கில் மொத்த லைனைத் தொட்டால் மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொடுங்கள்.

அப்புறம் 866ஏ பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏசியை டிசியாக்கும் பாதரச ஆவி ரெக்டிஃபையர் வால்வு, 2.5 வோல்ட் 5 ஆம்பியர் ஃபிலமென்ட். எஸ்எஸ்பியில் (குரல் அனுப்பும் ஒரு முறையில்) பேசினால் பேச்சுக்கு ஏற்ப உள்ளே நீல ஊதா வெளிச்சம் ஆடும். அந்த அழகுக்காகவே ஒரு ஜோடியை வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் ஃபிலமென்ட் போட்டு அரை நிமிடமாவது காத்திருக்காமல் ஹெச்டி கொடுத்தால் வால்வு போய்விடும். படுக்கவைத்து எடுத்துவந்ததாக இருந்தால் கால் மணி நேரமாவது ஃபிலமென்ட் மட்டும் எரியட்டும், தெறித்த பாதரசம் அடிக்கு இறங்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் உள்ளே இருப்பது பாதரசம் என்பதும் நினைவில் இருக்கட்டும். நித்தம் ஓட்டுவதற்கு 1என்5408 டயோடுகளை வரிசையாகப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். 73.

சென்னையிலிருந்து:

ஆன்டெனா சாக்கட்டில் எர்த்துக்கு ஒரு சின்ன ஆர்எஃப் சோக் (ரேடியோ அலையைத் தடுத்து டிசியை விடும் காயில்) போடச் சொல்வார்கள், 2.5 மில்லிஹென்றி. பலர் அதை வேண்டாத பொருள் என்று விட்டுவிடுகிறார்கள். என் அனுபவம் அதைப் பற்றித்தான்.

என்னுடையது இரண்டு 811ஏ வால்வு, 1500 வோல்ட். பிளேட்டிலிருந்து டேங்க் (டியூனிங்) காயிலுக்குப் போகும் வழியில் டிசியைத் தடுக்கும் பிளாக்கிங் கண்டென்சர், ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் டப்பாவோடு வாங்கிய பழைய டோர்நாப் (கதவுக் குமிழ் வடிவக் கண்டென்சர்). 1000 பிகோஃபாரட், 5 கிலோவோல்ட் என்று மேலே அச்சு இருந்தது. ஒரு நாள் மாலை பேசிக்கொண்டிருக்கும்போதே ‘டப்’ என்று மெயின்ஸ் ஃபியூஸ் போனது. மாற்றினேன், மறுபடி போனது. பிரித்துப் பார்த்தால் டோர்நாப் உள்ளுக்குள் ஷார்ட்; வெளியே மயிரிழை விரிசல், அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு.

கண்டென்சர் ஷார்ட் என்றால் 1500 வோல்ட் டிசி நேராக டேங்க் காயிலுக்கு, அங்கிருந்து கோஆக்ஸ் கேபிளுக்கு, கோஆக்ஸிலிருந்து டைபோல் ஆன்டெனாவின் ஒரு கைக்கு. என் டைபோலின் அந்தக் கை மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்கு ஒரு முழம் தள்ளித்தான் இறங்குகிறது. சாயங்காலம் கீழ்வீட்டு மாமி துணி எடுக்க வருகிற நேரம். சோக் இருந்ததால் அத்தனை கரண்டும் அதன் வழியாக எர்த்துக்குப் போய் ஃபியூஸை எரித்தது. சில ரூபாய் சோக். இப்போது கொடியையும் மாற்றிக் கட்டியாயிற்று, ஆன்டெனாவையும் உயர்த்தியாயிற்று.

இன்னொன்று, டிவி தகராறு. தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலம். வெள்ளிக்கிழமை இரவு சினிமாப் பாட்டு ஓடும்போது நான் மைக்கைத் தொட்டால் தெருவில் நாலு வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். 21 மெகாஹெர்ட்ஸின் மூன்றாம் ஹார்மோனிக் (மும்மடங்கு அதிர்வெண்) 63, டிவி பேண்ட் ஒன்றுக்குள் விழுகிறது என்று லோபாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்ணைத் தடுப்பது) போட்டேன். இரண்டு வீடு அமைதியானது. மற்ற இரண்டு வீட்டில் நான் 7 மெகாஹெர்ட்ஸில் பேசினாலும் படம் நெளிந்தது. இரண்டு வீட்டிலும் ஆன்டெனா கம்பத்தில் பூஸ்டர். தப்பு என் ஹார்மோனிக்கில் இல்லை, பக்கத்திலிருந்து வரும் பலமான சிக்னலில் பூஸ்டர் திணறியிருக்கிறது. பூஸ்டருக்கு முன்னால் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் (தாழ்ந்த அதிர்வெண்ணைத் தடுப்பது) செய்து மாட்டிவிட்டேன். ஒரு வீட்டில் காபி கிடைத்தது. இன்னொரு வீட்டில் இப்போதும் ‘ரேடியோக்காரர்’ என்றால் முகம் சுளிப்பார்கள்.

மதுரையிலிருந்து:

சார், நான் புதுசு. 813 ஒன்று கையில் இருக்கிறது. ஹெச்டிக்கு உடைந்த மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தலாமா? பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. நண்பர்கள் வால்வுக்குப் பதிலாக எல்டிமாஸ் (ஒருவகை பவர் டிரான்சிஸ்டர்) போடு என்கிறார்கள். 50 வோல்ட்டில் ஒரே டிரான்சிஸ்டர் ஒரு கிலோவாட்டுக்கு மேல் கொடுக்கிறதாமே?

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி, மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். அதில் செகண்டரியின் ஒரு முனையை இரும்பு கோரிலேயே இணைத்திருப்பார்கள். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட வேண்டுமானால் செகண்டரியின் எந்த முனையும் எர்த்தில் இருக்கக் கூடாது. அப்படியென்றால் கோரையே சேசிஸிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், அந்த இரும்பு முழுக்க ஹெச்டியில் இருக்கும். அதோடு, விலையைக் குறைக்க இரும்பும் செம்பும் மிச்சம் பிடித்துச் செய்தவை. கோர் சேச்சுரேஷன் (காந்தம் மேலும் ஏறாத நிலை) விளிம்பிலேயே ஓடும், ஃபேன் இல்லாவிட்டால் சும்மா நிற்கும்போதே கை வைக்க முடியாமல் சுடும். தாங்கள் கட்டியது நன்றாக ஓடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பழக்கப்பட்டவர்கள், நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள்.

எல்டிமாஸ் நல்லதுதான். கையில் காசும், செப்பு ஹீட் ஸ்பிரெடரும், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருந்தாமையின் அளவு) ஏறினால் மைக்ரோ செகண்டில் நிறுத்தும் புரொடெக்‌ஷன் போர்டும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆன்டெனா அறுந்து விழுந்தால் 813 கொஞ்ச நேரம் பிளேட் சிவந்து உங்களுக்குத் தகவல் சொல்லும். எல்டிமாஸ் சொல்லாது.

ஒற்றை 813 என்றால் 230 மில்லி ஆம்பியருக்கு மேல் தேவைப்படாது. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும், இங்கே வந்தால் அந்தப் பெரியவரிடம் கூட்டிப்போகிறேன். முதலில் வால்வின் ஃபிலமென்டை மட்டும் சில மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மரில் அளக்காமல் சாக்கட் பின்னிலேயே அளக்க வேண்டும். பழைய சாக்கட்டில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் 5 ஆம்பியரில் அரை வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். பின்னில் 9.5க்கும் 10.5க்கும் நடுவில் இருந்தால் சரி. 73.