மொட்டை மாடி வெயிலில் ஓடும் கார்: சேலத்துக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அழகாபுரத்துக்காரன்:

எலெக்ட்ரிக் கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டுப் பதினான்கு மாதம். காரைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்ப வெயில் அடிக்கும்போது மட்டும்தான் சார்ஜ் போடணுமா?" என் மாமனாரும் அப்படியே நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து, "மாப்ள, வெயில் வீணாப் போகுது, வண்டியச் சொருகுங்க" என்று விரட்டுவார்.

நெட் மீட்டர் இருக்கும் வீட்டில் அந்த அவசரம் தேவையில்லை. பகலில் நாம் செலவழிக்காத கரண்ட் ஈபி லைனுக்குப் போய்விடுகிறது. ராத்திரி அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். வீட்டு இணைப்புக்கு யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்வார்கள். கைமாற்று கொடுத்து வாங்குவது மாதிரிதான். நான் ராசிபுரம் போய் வருகிறவன், நாளுக்கு 55 கிலோமீட்டர். ராத்திரி ஒன்பதரைக்குச் சொருகினால் மூன்று மணி நேரத்தில் எட்டு யூனிட் ஏறி முடிந்துவிடும். மாமனாரிடம் பில்லைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

பில் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காருக்கு முன்பு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வரும். கார் வந்ததும் 780 ஆனது. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ளவற்றுக்கும் ரேட் மாறிவிடும் என்பது அந்தப் பில் வந்த அன்றுதான் உறைத்தது. 3 கிலோவாட் போட்டால் இங்கே சராசரியாக நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் கிடைக்கிறது, இரண்டு மாதத்துக்கு 720. பெரும்பாலான பில் இலவசமான 100 யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, எனக்கு வந்தது. முன்பு பெட்ரோலுக்கு மட்டும் மாதம் எட்டாயிரத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, நான் எழுத வந்தது இந்தப் பெருமையை இல்லை. போன ஆடி மாதம் வாங்கிய அசட்டுப் பட்டத்தைப் பற்றி.

மேட்டூர் முனியப்பன் கோயிலில் மச்சான் பையனுக்குக் காதுகுத்து. முந்தின நாள் ராத்திரி வண்டியில் 14 சதவீதம்தான் இருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும், காலையிலேயே வெயில் வந்துவிடும், மாடியில் பவர் ஸ்டேஷனே இருக்கிறது என்று தூங்கிவிட்டேன். ஒன்பது மணிக்குச் சொருகினேன். ஐந்தே நிமிடத்தில் சார்ஜர் விளக்கு அணைந்தது. பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. அறிவிப்பு பேப்பரிலேயே வந்திருந்தது. வீட்டுக்காரி படித்திருக்கிறாள். "உங்களுக்குத்தான் சோலார் இருக்கே, அதான் சொல்லல" என்றாள்.

மாடிக்கு ஓடினேன். தரையில் கால் வைக்க முடியாத வெயில். பேனல் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரில் மட்டும் சிவப்பு விளக்கு, உற்பத்தி சுழி. போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்து சண்டை போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "சார், இது நம்ம வீட்டு யூபிஎஸ் இன்வெர்ட்டர் மாதிரி இல்ல. லைன்ல கரண்ட் இருந்தாத்தான் இது வேல செய்யும்." லைன் செத்துவிட்டது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் நம் மாடியிலிருந்து கரண்ட் போனால் ஆளுக்கே ஆபத்து. அதனால் ஈபி லைன் நின்ற நொடியில் தானாக நிற்கும்படித்தான் இதைச் செய்திருக்கிறார்கள். பேட்டரியோடு வருகிற ஹைப்ரிட் வகை வேறு, விலையும் வேறு.

கடைசியில் மச்சானின் டீசல் வண்டியில் பின்சீட்டில் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மேட்டூர் வரை கேலிதான்.

அப்புறம் ஒன்று. நல்ல வெயில் உச்சத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 250-ஐத் தாண்டும்போது இன்வெர்ட்டர் தானாக நின்று நின்று வருகிறது. அந்த நேரத்தில் காரைச் சொருகினால் லோடு ஏறி வோல்டேஜ் கொஞ்சம் இறங்குகிறது, உற்பத்தியும் தடையில்லாமல் ஓடுகிறது. ஆக மாமனார் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அம்மாபேட்டை தறிவீடு:

அண்ணா, எங்களுக்குப் பிரச்சினை மாடியில் இல்லை, மண்ணுக்குள். தாத்தா காலத்து வீடு, கீழே நான்கு தறி ஓடுகிறது. கார் வந்த முதல் நாள் சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு, ஏறவே இல்லை. பக்கத்து வீட்டில் சொருகினால் ஏறுகிறது. வண்டியில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அலைந்தோம். எங்கள் தறிக்கு மோட்டார் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கரண்ட் கசிந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் இல்லவே இல்லை. குழி இருக்கிறது, பெயருக்கு. சித்திரை வெயிலில் உள்ளே மண் காய்ந்து பாறையாக நிற்கிறது. தறியும் மிக்சியும் இத்தனை வருடம் எர்த் இல்லாமலே ஓடியிருக்கின்றன. கார் சார்ஜர் மட்டும்தான் "மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறது. யோசித்தால் பயமாக இருக்கிறது.

புதுக் குழி தோண்ட இரண்டு நாள் ஆனது, நாலடிக்குக் கீழே கல்தான். அதோடு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொன்னார், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், லோடு மிஞ்சினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் தனியாக. முதலில் ஹீட்டர் பாயின்ட்டிலேயே சொருகலாமே என்றேன். "ஹீட்டர் பத்து நிமிஷம் ஓடி நிக்கும், இது ராத்திரி முழுக்க இழுக்கும். பிளக்கு உருகிடும் தம்பி" என்றார். என் சித்தப்பா அந்தப் பேச்சைக் கேட்காமல் பழைய பாயின்ட்டிலேயே ஓட்டினார். மூன்றாம் வாரம் சாக்கெட் கருகி, வாசலெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம்.

செட்டிச்சாவடி:

எங்கள் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம். காற்று அடித்தால் பேனலில் மாவு சலித்த மாதிரி படியும். போட்ட புதிதில் போர் தண்ணீரை அடித்துக் கழுவினேன். காய்ந்ததும் முன்பைவிட மோசம், உப்புக்கறை திட்டுத்திட்டாக உட்கார்ந்துவிட்டது. இப்போது காவிரித் தண்ணீர் வருகிற அன்று இரண்டு குடம் எடுத்து வைத்துக்கொண்டு, விடிவதற்குள் துணி மாப்பால் துடைக்கிறேன். பத்தரை யூனிட்டில் நின்றது பன்னிரண்டுக்கு வந்தது. உச்சி வெயிலில் மட்டும் கழுவாதீர்கள், கொதிக்கிற கண்ணாடியில் சில்லென்று தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

இன்னொன்று, மே மாதம்தான் அதிகம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு மார்ச்தான் அதிகம். பேனல் சூடேற ஏற உற்பத்தி குறையுமாம். வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம். சேலத்தில் இரண்டையும் பிரித்து எங்கே வாங்குவது!

ஏற்காட்டு மழை:

கீழே இருப்பவர்கள் வெயிலைப் பற்றிக் குறை சொல்வதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. நான் எஸ்டேட்டில் வேலை. வீட்டைச் சுற்றிக் காப்பி, அதற்கு மேலே சில்வர் ஓக். மூன்று மரத்தின் கிளையைக் கழித்துத்தான் பேனலுக்கு வானம் காட்டினோம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் 3 கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் வந்தாலே பெரிது. நல்ல மாதங்களில் ஈபிக்குக் கொடுத்து வைத்ததை வைத்துத்தான் ஓட்டுகிறோம். குரங்கு சார்ஜர் ஒயரைக் கடிக்காமல் இருக்க பிவிசி பைப்புக்குள் விட்டிருக்கிறேன்.

ஆனால் மலைக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். வண்டி வந்த புதிதில் ராத்திரி 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் சேலம் இறங்குவேன். ஒரு நாள் அப்பாவும் கூட வந்தார். சங்ககிரியில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே, "என்னடா, வண்டி நியூட்ரல்ல இறங்குற மாதிரி ஓடுது?" என்றார். நான் கவனிக்கவே இல்லை. வழக்கமாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்த வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிரம்பி வழியும்போது எங்கே அனுப்புவது? அதனால் பிடிப்பு போய்விடுகிறது. இருபது வளைவுக்கும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். பாதி வழியில் பிரேக் கருகிய வாடை வந்து ஓரங்கட்டி நின்றோம்.

அப்பாவுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "செகண்ட் கியர்ல இறக்குறதுதானே இது. அதுக்கு இடம் வெச்சுட்டுக் கிளம்பு" என்றார். அன்றிலிருந்து மேலே 80-க்கு மேல் ஏற்றுவதில்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர், சேலம் 300-க்குள். நாலு பேரோடு ஏறும்போது பேட்டரி சரசரவென்று குறையும். அடிவாரத்தில் 80 இருந்தால் மேலே வரும்போது 50. இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. போன வாரம் 72-ல் கிளம்பி அடிவாரத்தில் பார்த்தால் 77. அப்பா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இந்த அஞ்சுக்கு ஈபியில பில்லு கிடையாதா?"

அழகாபுரத்துக்காரன்:

ஏற்காட்டு அண்ணா, நல்ல வேளை சொன்னீர்கள். வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு மேலே வந்து தங்கப் போகிறோம். ராத்திரி தங்குமிடத்தில் முழுசாக ஏற்றிக்கொண்டு இறங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இனி 80-தான். அந்த இடத்தில் 15 ஆம்ப் பாயின்ட் இருக்கிறதாம், எர்த் இருக்கிறதா என்று கேட்டேன். போனில் பேசியவர், "பூகம்பமெல்லாம் இங்க வராது சார்" என்கிறார். மாமனாரும் வருகிறார். சனிக்கிழமை மேலே மின்தடை ஏதும் இருந்தால் முன்கூட்டியே ஒரு வரி போடுங்கள்.