ஓய்வூதியத்துக்காக அரசியல்வாதிகளைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

கோவை, ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி:

நானே தொடங்குகிறேன். 2024 மக்களவைத் தேர்தல் நேரம். மனு கொடுத்தால் வேட்பாளரின் பின்னால் நிற்பவர் வாங்கி வேனுக்குள் போட்டுக்கொள்வார்; மாலையோடு மாலையாக அதுவும் கசங்கும். ஆகவே இந்த முறை மனுவே எழுதவில்லை. வாக்குச்சாவடி வாரியாக ஓய்வூதியர் வீடுகளையும், வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனோம். எங்கள் செயலாளர் அதை விரித்து நீட்டியதும், வேட்பாளர் கும்பிட்ட கையை இறக்கிவிட்டு வேனிலிருந்தே குனிந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, "இபிஎஸ்-95 என்றால் என்னங்க ஐயா?" என்றார். எம்.பி. ஆக வந்தவர் கேட்கிற கேள்வி!

நடுத்தெருவிலேயே விளக்கினோம். அது 1995-இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். முதலாளி செலுத்தும் பி.எஃப். பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீத அளவு இந்தத் திட்டத்துக்குப் போகிறது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். அகவிலைப்படி கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டே கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 3,000 ரூபாய் பரிந்துரைத்திருந்தது. நாங்கள் கேட்பது 7,500 ரூபாயும் அகவிலைப்படியும். "டெல்லியில் பேசுகிறேன்" என்றார். நோட்டைத் தன்னிடம் தரச் சொன்னார். செயலாளர் தரவில்லை, நகல்தான் தருவோம் என்றார்.

மதுரை, ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர்:

நோட்டைக் கொடுக்காதது நல்ல வேலை, தோழர். எங்களுக்கு அகவிலைப்படிதான் சண்டையே. ஆண்டுக்கணக்காக உயர்வு தராமல் இழுத்தடித்தார்கள். 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் பணியில் இருக்கும் பிள்ளைகள் எங்கள் கோரிக்கையையும் சேர்த்துக்கொண்டார்கள். அது பெரிய விஷயம்; ஓய்வுபெற்றவன் பஸ்ஸை நிறுத்த முடியாதே.

எங்களால் முடிந்தது வழக்கு நிதி. பொருளாளர் ரெக்சின் பையும் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகமுமாக வீடு வீடாகப் போனார், நானும் உடன் போனேன். இறந்துபோன ஓட்டுநரின் மனைவி ஒருவர் 100 ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, "இது கட்சிக்கா, கோர்ட்டுக்கா?" என்றார். கோர்ட்டுக்கு என்று ரசீதில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் பணத்தின் மேலிருந்து கையை எடுத்தார். அவரைப் போல எல்லோரும் கேட்டால் சங்கங்கள் சுத்தமாக இருக்கும்.

திருச்சி, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்:

அந்த அம்மா கேட்டதைச் சட்டமே கேட்டது. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொன்னது: பதிவுபெற்ற தொழிற்சங்கம் அரசியல் செலவைத் தனி நிதியிலிருந்துதான் செய்ய வேண்டும், அதற்குப் பணம் கொடு என்று உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவரை ஒதுக்கவும் கூடாது.

எங்களிடம் ஒரு கட்சிக்காரர் தேர்தல் நன்கொடை கேட்டு வந்தார். காபி கொடுத்து உட்காரவைத்து, ஓய்வூதியக் கோரிக்கை உங்கள் தேர்தல் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டோம். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனவர் திரும்பவில்லை. காபிச் செலவோடு போயிற்று.

கட்சிக்குக் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வழக்குக்குக் கொடுத்த காசுக்குப் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கித் தரும் தர்மம் அல்ல என்றது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். எங்கள் கிளையில் அன்றைக்குத்தான் உண்டியல் வைப்போம்.

கோவைத் தோழரே, அந்த வேட்பாளர் ஜெயித்தாரா? டெல்லியில் பேசினாரா?

கோவை, ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி:

தோற்றுவிட்டார். ஜெயித்தவரிடம் அதே நோட்டோடு போனோம். அவருக்கு இபிஎஸ்-95 என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. நிதியத்தில் பற்றாக்குறை என்று அமைச்சகம் வழக்கமாகச் சொல்லும் பதிலையும் மனப்பாடமாகச் சொன்னார். இவரிடம் பேசுவது முந்தையவரைவிடக் கஷ்டம்.