புதுப்பிப்பு: மூன்றாம் கியரில் சிக்கிய கார், கோளாறு சென்சாரில் இல்லை

போன மாதம் எழுதியது இதுதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியார் தாண்டியதும் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழும், ஆட்டோமேட்டிக் கியர் மூன்றிலேயே நின்றுவிடும். ஸ்கேனரில் வந்த கோளாறு எண் பி0720, அதாவது கியர்பாக்ஸின் வெளியீட்டு வேக சென்சார் (கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் வேகத்தை அளப்பது) சர்க்யூட். பலர் சொன்னபடி புது சென்சார் போட்டேன். நான்கு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் மழை, மறுபடி அதே கதை.

அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கோளாறு எண் சொல்வது ஒயர், பிளக் எல்லாம் சேர்ந்த சர்க்யூட்டை. சென்சார் அதில் ஒரு துண்டு மட்டும்.

கோத்தகிரியில் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். "பொருளை மாத்துறதுக்கு முன்னாடி ஒயரைப் பாக்க மாட்டியா தம்பி?" என்றார். மூன்று ஒயர் சென்சார். சாவியைப் போட்டுப் பார்த்தோம், சப்ளையும் எர்த்தும் சரி. பேட்டரியைக் கழற்றி, இரு முனை பிளக்கையும் பிரித்து, சிக்னல் ஒயரில் மல்டிமீட்டர் வைத்தால் பீப், அதாவது ஒயர் அறுபடவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் விடவில்லை; ஒயர் கட்டை ஜாண் ஜாணாக வளைத்துக்கொண்டே போனார். பேட்டரி தட்டுக்கு அடியில் வளைத்ததும் பீப் நின்றது. டேப்பைப் பிரித்தால், கிளாம்பு உரசி உறை தேய்ந்து, செம்பு பச்சையாய்ப் பூத்துக் கிடந்தது. ஈரம் பட்டால் கேட்கவா வேண்டும்!

வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் சுருக்கி, கிளாம்புக்குத் தள்ளிக் கட்டினோம். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கொட்டும் மழையில் இரண்டு முறை ஏறிப் பார்த்தாயிற்று. முள் விழவில்லை. நல்ல பழைய சென்சார் டிக்கியில் உருண்டுகொண்டிருக்கிறது.