பத்துக்குப் பத்து அறைக்கு 5.1 ஸ்பீக்கர் சரிப்படுமா?

மேசைக் கணினிக்கு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு வூஃபர்) எடுக்கலாம் என்று கிளம்பினேன். படம் பார்க்க, கொஞ்சம் கேம், அவ்வளவுதான். கடைக்காரர் கணினியின் பின்பக்கப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "மூணு ஓட்டைதான் இருக்கு, தனியா சவுண்ட் கார்டு போட்டே ஆகணும்" என்கிறார். பச்சை, நீலம், ரோஸ் மூன்றும் இருக்கின்றன. மேசை சுவரோரம், முதுகுக்குப் பின்னால் கட்டில், இடது பின்மூலையில் கதவு. பட்ஜெட் 12,000. என்ன செய்யலாம்?

வயர்மேன்_கோவை:
கார்டு வாங்க அவசரப்படாதீங்க. மூன்று ஆடியோ ஓட்டை உள்ள மதர்போர்டு பலவற்றில் 5.1 வரும், மேனுவலில் ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலும் ஆடியோ மென்பொருளில் 5.1 என்று மாற்றினால் பச்சை முன் ஸ்பீக்கருக்கு, நீலம் பின் ஸ்பீக்கருக்கு, ரோஸ் சென்டருக்கும் (நடு ஸ்பீக்கர்) வூஃபருக்கும் போய்விடும். செட்டோடு வரும் கறுப்பு வயரை நீலத்திலும் ஆரஞ்சை ரோஸிலும் செருகணும். மைக்குக்குத்தான் இடம் போகும், அதை கேபினட் முன்பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் டெஸ்ட் போட்டுக் கேளுங்கள். என் செட்டில் சென்டரும் வூஃபரும் இடம் மாறி, வசனமெல்லாம் குடத்துக்குள்ளிருந்து பேசுவது மாதிரி வூஃபரில் கேட்டது. இரண்டு நாள் ஸ்பீக்கரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் மென்பொருளில் இரண்டையும் மாற்றிவிடும் ஒரு டிக்தான் விஷயம்.

இரவுப்பறவை:
ஆப்டிகல் வயர் (ஒலியை ஒளியாக அனுப்பும் டிஜிட்டல் வயர்) போட்டால் சுத்தமாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். படத்தில் டால்பி டிஜிட்டலோ டிடிஎஸ்ஸோ (சுருக்கிய ஒலி வகைகள்) ஏற்கெனவே 5.1 ஆக இருந்தால் அப்படியே போய்விடும், கேம் அப்படியில்லை, டால்பி டிஜிட்டல் லைவ் மாதிரி ஏதாவது இருந்து கணினியிலேயே சுருக்கி அனுப்பினால்தான் உண்டு. ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப் பெட்டி) வைக்கும் யோசனை இருந்தால் எச்டிஎம்ஐ போதும். ஸ்பீக்கர் பெட்டி மேல் 'பிஎம்பிஓ' (கணநேர உச்ச அளவு) என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்ஸ்) எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

பழைய_ரேடியோ:
ஓட்டையை விடுங்கள், பின் ஸ்பீக்கரை எங்கே வைப்பீர்கள்? முன்னால் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி, பின்னால் இரண்டும் 110 டிகிரி, அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், காது உயரத்துக்கோ கொஞ்சம் மேலேயோ இருக்கணும். கட்டில் மேல் வைத்தால் தலையணைதான் பாட்டுக் கேட்கும். ஒரு ஸ்பீக்கர் சுவரில், இன்னொன்று கதவுப் பக்கம் தரையில் என்று வைத்தால் 5.1 வாங்கியதே வீண். யூடியூபில் பார்ப்பது பெரும்பாலும் ஸ்டீரியோதான். அந்தக் காசுக்கு நல்ல 2.1 (இரண்டு ஸ்பீக்கர், ஒரு வூஃபர்) வாங்கினால் வசனமாவது தெளிவாகக் கேட்கும். நான் அதைத்தான் செய்வேன்.

வயர்மேன்_கோவை:
அண்ணே, வாடகை வீடு இல்லையென்றால் இரண்டு ஆணி அடித்து மாட்டிவிடலாமே. செட்டோடு வரும் பின் வயர் நீளத்தை மட்டும் முதலில் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
வாடகை வீடுதான். டேப் வைத்துப் பார்த்தேன், மேசையிலிருந்து கதவைச் சுற்றிப் பின்மூலைக்கு 7 மீட்டர் வயர் வேண்டும். ஆணி அடித்தால் வீட்டுக்காரர் என்னையே மாட்டிவிடுவார். 2.1 எடுக்கப் போகிறேன். வூஃபரை மேசைக்கு அடியில் மூலையில் வைத்தால் ரொம்ப அதிருமா?

பழைய_ரேடியோ:
மூலையில் பாஸ் தூக்கும். ஒரு முழம் தள்ளி வையுங்கள், கீழ் வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டு முழம்.