மீன்கள் சேர்ந்து இழுத்தால் வலை அறுமா?

கீழக்கரை காக்கா:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "தொலைந்த மகனைத் தகப்பன் கோமாளி மீன் தேடிப் போகும் ஃபைண்டிங் நீமோ படம் மனத்தில் நிற்கக் கணினி வரைகலைதான் காரணம். கதை முழுக்க ஓட்டை. கடைசியில் மீன்கள் கூட்டமாகக் கீழ்நோக்கி நீந்தி வலையை அறுப்பது சுத்தப் பொய்." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. 1942இல் வந்த பாம்பி கையால் வரைந்த படம். தாய் மான் சுடப்படுவதைக் காட்டவே மாட்டார்கள். வெடிச்சத்தம் மட்டும் கேட்கும், பிறகு குட்டி பனியில் தனியாகத் தேடி அலையும். அதற்கு எந்தக் கணினி வந்து உதவியது?

மண்டபம் முகாம்:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று மறைக்க வேண்டியதில்லை. நான் பாம்பியைப் பற்றிப் பேசவில்லை, வலையைப் பற்றிப் பேசினேன். வலை அறாது.

பாம்பன் வத்தை:
மண்டபம் ஐயா, நீங்கள் கரையில் நின்று வலையைப் பார்த்தவர். நான் பன்னிரண்டு வருடம் விசைப்படகில் போனவன். வலையின் மடி நிறைந்து மேலே வரும்போது அதை இழுக்கும் வின்ச் முனகும், படகு ஒரு பக்கம் சாயும். ஒருமுறை கயிறு அறுந்து, மடியோடு மொத்த மீன்பாடும் கடலுக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன். அறாது என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

அந்தக் காட்சியில் அழவைப்பது வலையா? நானூறுக்கு மேற்பட்ட முட்டைகளும் போய், கீறல் விழுந்த ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. அதைத் துடுப்பில் ஏந்திக்கொண்டு, உனக்கு எதுவும் நேர விடமாட்டேன் என்று சொன்ன தகப்பன் அவன். பள்ளிக்கு அனுப்பவே நெஞ்சு பதறியவன். அவனிடம் பிள்ளை, மாட்டிய மீன்களை மீட்க வலைக்குள் போகிறேன் என்கிறது. முதலில் மறுக்கிறான், பிறகு விட்டுவிடுகிறான். நான் முதன்முதலாகக் கடலுக்குப் போன அன்று என் அப்பா எதுவும் பேசவில்லை. தூக்குச்சட்டியின் மூடியை மூன்று தடவை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

மண்டபம் முகாம்:
உங்கள் கயிறு அறுந்தது எடையால். மீன் யோசித்து அறுத்ததா? மடிக்குள் நெருக்கிக் கிடக்கும் மீனுக்கு வால் அசைக்க இடம் ஏது? மூடியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வலை அறாது.

தொண்டி டீச்சர்:
வலையை விடுங்களேன். 1988இல் வந்த ஜப்பானியப் படம் டொட்டோரோவில் வில்லனே கிடையாது. அம்மா மருத்துவமனையில் இருக்கிறாள். சின்னவள் ஒரு சோளக்கதிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் கொடுக்கத் தனியே கிளம்பிவிடுகிறாள். நீமோவின் அம்மாவைச் சீலா மீன் தின்ற காட்சியைவிட எனக்கு அந்தக் கதிர்தான் பெரிது.

கீழக்கரை காக்கா:
டீச்சர், அது ஊளி. சீலா இல்லை.

தொண்டி டீச்சர்:
எங்கள் கரையில் சீலாதான். கீழக்கரை சொல்வதுதான் தமிழா?

மண்டபம் முகாம்:
சோளக்கதிரை வைத்தும் வலையை அறுக்க முடியாது. இன்னொன்றும் கேளுங்கள். கோமாளி மீனில் பெண் இறந்துவிட்டால் அவளோடு இருந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். படத்தில் வரும் தகப்பன் தாயாக மாறியிருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள்.

பாம்பன் வத்தை:
எப்போது பார்த்தாலும் எங்கள் ஊர், எங்கள் ஊர். அந்த நிலையத்தின் தலைமையகம் 1971இலேயே கொச்சிக்குப் போய்விட்டது. அதே கோமாளி மீனில், முட்டைக்குப் பக்கத்திலேயே கிடந்து துடுப்பால் விசிறிக் காப்பது ஆண்தான். அதை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? படம் எடுத்தவர்கள் பாதியைத்தான் மாற்றினார்கள், காவல் இருக்கும் தகப்பனை மாற்றவில்லை. போன வருடம் 1964 புயலைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஒரே வரியைப் பத்துத் தடவை எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

மண்டபம் முகாம்:
புயலில் நான் சொன்னதுதான் சரி. கயிறு வேறு, வலை வேறு. வலை அறாது.

கீழக்கரை காக்கா:
எடையால் அறுந்தாலும் அறுந்ததுதானே!

தொண்டி டீச்சர்:
ஊளி என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பாம்பன் வத்தை:
அறும், அறும், அறும். இன்று மாலை மகளோடு மறுபடியும் அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறேன். அவளுக்கு ஏழு வயது. போன தடவை அந்த இடத்தில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். வலை கடலடியில் விழுந்து, மீன்கள் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் விட்டாள். விரலில் நகம் பதிந்திருந்தது.

மண்டபம் முகாம்:
விழுந்தது என்றுதான் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறுந்தது என்று எழுதவில்லை.